இலட்சத்தீவு மூழ்கு விடுதிகளில் தங்குதல்

மூழ்கு விடுதி என்பது தங்கும் அறை, உணவு ஆகியவற்றோடு, கடலுக்கடியில் சென்று பார்ப்பதற்குரிய கருவிகள், படகு, பயிற்றுநர் ஆகியவற்றையும் ஒரே இடத்தில் தரும் கடற்கரை விடுதி ஆகும். காற்றுக் கலனை முதுகில் சுமந்துகொண்டு நீருக்கடியில் மூச்சுவிட்டபடி நீந்தும் முறை ஸ்கூபா எனப்படுகிறது. வெப்பமண்டலக் கடல்களில் பவளப்பாறைகள் சூழ்ந்த சிறு தீவுகளில் இத்தகைய விடுதிகள் மிகுதி. இந்தியாவில் அந்தமானின் சுவராஜ் தீவிலும் (முன்பு ஹேவ்லாக்), அரபிக்கடலில் இலட்சத்தீவுகளின் கடமத், பங்காரம், அகத்தி ஆகிய தீவுகளிலும் இவ்வசதி உண்டு.

தமிழ்நாட்டுக்கு மிக அருகிலுள்ள பவளத்தீவுகள் மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளே. அவை 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுவதால் அங்கே தங்க இயலாது. தேனி மாவட்டத்தவருக்கு மேற்கு மலையைத் தாண்டினால் கொச்சி. அங்கிருந்து கப்பலிலோ விமானத்திலோ அடையக்கூடியவை இலட்சத்தீவுகள். இக்கட்டுரை அத்தீவுகளின் மூழ்கு விடுதிகள், அங்கே தங்கும் முறை, மூழ்குவோர் அறிய வேண்டிய உடல்நலச் செய்திகள், தீவின் இயற்கை ஆகியவற்றை விளக்குகிறது.

தீவுகளும் ஆட்சியும்

இலட்சத்தீவுகள் 36 தீவுகளைக் கொண்டவை. மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர் மட்டுமே. பத்துத் தீவுகளில் மக்கள் வாழ்கின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. நிலம் சிறிதாயினும், தீவுகளைச் சூழ்ந்துள்ள ஆழமற்ற காயல்களின் பரப்பு ஏறத்தாழ 4,200 சதுர கிலோமீட்டர். கடலடியிலிருந்து எழுந்த பழைய மலைத்தொடரின் மேல் பவளங்கள் வளர்ந்து உருவாக்கிய வட்டப்பாறைத் தீவுகள் இவை. வெளிப்புறத்தில் அலையைத் தடுக்கும் பாறை வளையம், உள்ளே அமைதியான காயல், ஓரத்தில் தென்னை நிறைந்த மணல்திட்டு என்பதே பெரும்பாலான தீவுகளின் அமைப்பு.

1956 அக்டோபர் 31 வரை இத்தீவுகள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தன. அமினி, கடமத், கில்தான், செத்லத், பித்ரா ஆகியவை தென்கன்னட மாவட்டத்திலும் மற்றவை மலபார் மாவட்டத்திலும் அடங்கியிருந்தன. 1956 நவம்பர் 1 முதல் இவை ஒன்றிய ஆட்சிப்பகுதி. 1964இல் தலைமையிடம் கோழிக்கோட்டிலிருந்து கவரத்திக்கு மாறியது. இலட்சத்தீவு என்ற பெயர் 1973இல் வழங்கப்பட்டது.

விடுதிகள் அமைந்த தீவுகள்

கடமத்: ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமும், மிக அகன்ற இடத்திலும் அரைக் கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் அகலமும் கொண்ட தீவு. நடுவில் நின்றால் இருபுறமும் கடல் ஓசை கேட்கும். மேற்கே அகன்ற காயல். மக்கள் வாழும் ஊர் ஒருபுறமும் விடுதி தென்முனைப் பக்கமும் உள்ளன. நீர் விளையாட்டுப் பயிற்சிக்குப் பெயர்பெற்ற தீவு இதுவே.

பங்காரம்: மக்கள் குடியேற்றம் இல்லாத சிறு தீவு. அகத்தியிலிருந்து படகில் செல்ல வேண்டும். 1987 டிசம்பரில் அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி குடும்பத்துடன் இங்கே விடுமுறையைக் கழித்தபோது நாடெங்கும் இதன் பெயர் பரவியது. அருகிலுள்ள தின்னகரைத் தீவில் கூடாரங்களில் தங்கும் வசதி உண்டு.

அகத்தி: இலட்சத்தீவுகளின் ஒரே விமான நிலையம் இங்கே 1988இல் செயல்படத் தொடங்கியது. தீவின் ஒடுங்கிய தென்முனை முழுவதும் ஓடுபாதையே. ஆகையால் சிறிய வகை விமானங்கள்தாம் இறங்க முடியும்.

விடுதிகள், சுற்றுலாத் திட்டங்கள் ஆகியவற்றைப் பெரும்பாலும் நடத்துவது தீவு நிர்வாகத்தின் கீழ் 1982இல் தொடங்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் என்னும் அமைப்பு. அதன் அலுவலகம் கொச்சி வில்லிங்டன் தீவில் உள்ளது. 2023 சனவரியில் சுஹேலியிலும் கடமத்திலும் தலா 110 அறைகள் கொண்ட இரண்டு தாஜ் விடுதிகள் அமையும் என அறிவிக்கப்பட்டது. மாலத்தீவில் 1972இல் தொடங்கிய ‘ஒரு தீவு, ஒரு விடுதி’ என்ற முறையோடு ஒப்பிட்டால், இலட்சத்தீவில் விருந்தினர் எண்ணிக்கை இதுவரை மிகக் குறைவாகவே இருந்துவந்துள்ளது.

அனுமதியும் பயணமும்

இந்தியக் குடிமக்களும் இங்கே செல்ல நுழைவு அனுமதி பெற வேண்டும். 1967ஆம் ஆண்டின் நுழைவு மற்றும் தங்குதல் கட்டுப்பாட்டு விதிகள் இதற்கு அடிப்படை. தீவுவாழ் பழங்குடி மக்களின் நிலத்தையும் வாழ்வையும் காப்பதே விதிகளின் நோக்கம். அடையாளச் சான்று, ஒளிப்படம் ஆகியவற்றோடு சொந்த ஊர்க் காவல் நிலையத்தின் சான்றும் கேட்கப்படுவது வழக்கம். சுற்றுலாத் திட்டத்தில் பதிவு செய்வோருக்கு அனுமதிப் பணிகளை நடத்துநரே செய்து தருவர். நடைமுறை அவ்வப்போது மாறுவதால் பதிவு செய்யும்போதே கேட்டுத் தெளிவது நல்லது.

கொச்சியிலிருந்து கப்பலில் தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம் ஆகும். அகத்திக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். பல தீவுகளில் கப்பல் கரையருகே வர இயலாது. கடலில் நிற்கும் கப்பலின் பக்கக் கதவிலிருந்து சிறு படகுக்கு மாற வேண்டும். அலையில் இரண்டும் ஏறி இறங்கும் என்பதால், மூட்டுவலி உள்ளவர்களும் முதியவர்களும் இதை எண்ணிப் பார்த்த பிறகே கப்பலைத் தேர்வு செய்ய வேண்டும். பணியாளர்கள் கை கொடுத்து இறக்குவார்கள்; சொன்ன நொடியில் கால் வைப்பதே முறை.

பருவம்

அக்டோபர் முதல் மே நடுப்பகுதி வரை மூழ்குவதற்கு ஏற்ற காலம். சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும். கப்பல் போக்குவரத்து குறையும். நீர் விளையாட்டுகள் நிறுத்தப்படும். கம்பம் பள்ளத்தாக்கில் சாரல் வீசத் தொடங்கினால் இலட்சத்தீவுப் பருவம் முடிந்தது என்று கொள்ளலாம். இரண்டையும் கொண்டுவருவது ஒரே காற்றுதான்.

விடுதியில் ஒரு நாள்

காலை உணவு எளிமையாக இருக்கும். படகு புறப்படுவதற்கு முன் பயிற்றுநர் அன்றைய இடம், ஆழம், நீரோட்டம், நேரம், கைச்சைகைகள் ஆகியவற்றை விளக்குவார். கட்டைவிரலை மேலே காட்டினால் ‘மேலே செல்வோம்’ என்று பொருள். ‘நன்றாக உள்ளது’ என்பதற்குக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். நிலத்துப் பழக்கத்தில் கட்டைவிரலை உயர்த்துபவரைப் பயிற்றுநர் உடனே மேலே அழைத்து வந்துவிடுவார். ஒருநாளில் ஒன்று அல்லது இரண்டு முறை மூழ்குவர். இரண்டுக்கும் நடுவே ஓய்வு. பிற்பகலில் காயலில் முகமூடியும் மூச்சுக்குழலும் மட்டும் அணிந்து மேற்பரப்பில் மிதந்தபடி மீன்களைப் பார்க்கலாம். நீந்தவே விரும்பாதவர்களுக்குக் கண்ணாடித் தரைப் படகு உண்டு.

உணவில் சூரை மீனும் தேங்காயும் முதன்மை. காய்கறி, அரிசி, பருப்பு, மருந்து அனைத்தும் கப்பலில் வருபவை. கப்பல் தாமதமானால் பந்தியில் காய் குறையும். சைவ உணவு உண்போர் முன்கூட்டியே தெரிவிப்பது நலம். அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளைப் பயண நாட்களைவிட ஒரு வாரம் கூடுதலாக எடுத்துச் செல்ல வேண்டும்.

நன்னீர்

தீவில் ஆறோ ஏரியோ இல்லை. பெய்யும் மழை மணலில் இறங்கி, கடல்நீரைவிட அடர்த்தி குறைந்ததால் அதன்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்பது கோட்பாட்டுக் கணக்கு. ஒடுங்கிய தீவுகளில் உண்மையில் அந்த வில்லை மிக மெல்லியது. பம்பு வைத்து வேகமாக இறைத்தால் கீழிருந்து உப்புநீர் ஏறிவிடும். ஏறியது இறங்கப் பல மழை வேண்டும்.

இக்குறையைப் போக்க, சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் கவரத்தியில் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் தரும் நன்னீர் ஆலையை அமைத்தது. பின்னர் மற்ற தீவுகளிலும் இத்தகைய ஆலைகள் எழுந்தன. மேற்பரப்பிலுள்ள வெதுவெதுப்பான கடல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த அறைக்குள் விட்டால், அது கொதிக்கவைக்காமலே ஆவியாகும். ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய் வழியே எடுக்கும் குளிர்நீரால் அந்த ஆவி குளிர்ந்து நன்னீராகிறது. ஒவ்வொரு குடம் நீருக்குப் பின்னாலும் இவ்வளவு ஏற்பாடு இருப்பதால், விருந்தினர் குழாயைத் திறந்துவிட்டுக் குளிப்பது தீவுக்காரரின் பங்கை எடுப்பதாகும்.

நீரழுத்தமும் உடலும்

தரையில் நம்மை அழுத்தும் காற்றின் அளவை ஒரு வளிமண்டலம் என்பர். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இதே அளவு அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் இரண்டு மடங்கு. 20 மீட்டரில் மூன்று மடங்கு. அழுத்தம் இரண்டு மடங்கானால் காற்றின் கனஅளவு பாதியாகும் என்பது பள்ளிப் பாடத்தில் வரும் பாயில் விதி. மூழ்குவோர் அறிய வேண்டியவற்றில் பெரும்பகுதி இவ்விதியிலிருந்தே பிறக்கிறது.

காது: வடுகபட்டி, பெரியகுளம் வட்டாரத்தில் கிணற்றில் நீந்தப் பழகியவர்கள், அடியில் கிடக்கும் கல்லை எடுக்கப் போகையில் காது வலித்ததை நினைவில் வைத்திருப்பர். செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் காற்று சுருங்குவதால் வரும் வலி அது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் தொண்டையிலிருந்து காற்று ஏறிச் சமன் செய்யும். ஒரு மீட்டருக்கு ஒருமுறையாவது, வலி தோன்றும் முன்பே இதைச் செய்ய வேண்டும். சளி பிடித்திருந்தால் அந்த வழி அடைத்திருக்கும். அன்று மூழ்கக் கூடாது.

மூச்சு: 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை எடுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால் அக்காற்று இருமடங்காக விரியும். நுரையீரல் கிழியும் அபாயம் உண்டு. ஆகவே ஸ்கூபாவின் முதல் விதி, ஒருபோதும் மூச்சை அடக்காதே என்பது. தூத்துக்குடியிலும் மன்னார்க் கரையிலும் முத்தும் சங்கும் குளித்தவர்கள் கரைக்காற்றை நெஞ்சில் அடக்கியே இறங்கினர். மேலே எடுத்த காற்று கீழே சுருங்கி, திரும்பி வரும்போது பழைய அளவுக்கே வந்ததால் அவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை. ஸ்கூபாவில் அழுத்தம் மிகுந்த காற்றைக் கீழேயே சுவாசிப்பதால் விதி தலைகீழாகிறது.

காற்றின் அளவு: 12 லிட்டர் கலனில் 200 மடங்கு அழுத்தத்தில் 2,400 லிட்டர் காற்று இருக்கும். அதில் 600 லிட்டரைக் கையிருப்பாக விட வேண்டும். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் 10 மீட்டரில் 40 லிட்டர் இழுப்பார். எஞ்சிய 1,800 லிட்டர் 45 நிமிடம் வரும். 20 மீட்டரில் 30 நிமிடம்தான். பதற்றப்படுபவருக்கு இன்னும் விரைவில் தீரும்.

யார் மூழ்கலாம்

நீச்சல் தெரியாதவரும் பயிற்றுநர் பிடித்துக்கொள்ள, 12 மீட்டருக்கு மிகாத ஆழத்தில் அறிமுக மூழ்கல் செய்யலாம். முறையான முதல்நிலைப் பயிற்சிக்கு 200 மீட்டர் நீச்சலும் 10 நிமிடம் மிதத்தலும் தேவை. அதை முடித்தவர் 18 மீட்டர் வரை செல்லலாம். குறைந்த வயது 10. மேல்வரம்பு இல்லை. ஆயினும் 45 வயதைக் கடந்தவர்களிடம் இதயநோய், புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் பற்றிய கேள்விகள் கூடுதலாகக் கேட்கப்படும். புதுச்சேரியிலும் சென்னையை அடுத்த கோவளத்திலும் பயிற்சி மையங்கள் இருப்பதால், அடிப்படைப் பாடத்தை அங்கே முடித்துவிட்டுத் தீவுக்குச் செல்வோரும் உண்டு.

பின்வருவோர் மருத்துவரின் எழுத்துச் சான்று இன்றி மூழ்கக் கூடாது:

- இதயநோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் உள்ளவர்கள்
- ஆஸ்துமா அல்லது வேறு நுரையீரல் நோய் உள்ளவர்கள்
- வலிப்பு நோய் உள்ளவர்கள்
- இன்சுலின் போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள்
- காது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், செவிப்பறையில் துளை உள்ளவர்கள்

கருவுற்ற பெண்கள் எந்நிலையிலும் மூழ்கக் கூடாது. விடுதியில் தரும் உடல்நலப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிக் கையொப்பமிடும் பழக்கம் உயிருக்கு ஆபத்து. கொடுத்த பணம் வீணாகிவிடுமே என்ற எண்ணமே பலரை அப்படி எழுத வைக்கிறது. மூழ்காதவருக்கும் காயலில் பார்க்க நிறைய உண்டு.

மூழ்கிய பின்: விமானமும் மலைப்பாதையும்

ஆழத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கூடுதலாகக் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது மூச்சின் வழியே வெளியேறும். விரைந்து வந்தால், சோடா புட்டியைத் திறந்தாற்போல் உடலுக்குள்ளேயே குமிழிகள் உண்டாகும். மூட்டுவலி, தோலில் அரிப்பு, மயக்கம், கால் மரத்துப்போதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இதனால்தான் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல் ஏறி, 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்று வருகின்றனர்.

கரைக்கு வந்த பிறகும் நைட்ரஜன் முழுவதும் வெளியேறப் பல மணி நேரம் ஆகும். ஒருமுறை மட்டும் மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை அல்லது பல நாள் மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது. பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் ஏறத்தாழ கொடைக்கானலில் இருப்பது போன்றே இருக்கும்.

தேனி மாவட்டத்தவர் இதில் தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்துக்குச் செல்வதும் விமானப் பயணத்துக்கு ஒப்பானதே. கொச்சியிலிருந்து மூணாறு, போடிமெட்டு வழியாக வரும் சாலை 1,500 மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. குமுளி வழியும் 800 மீட்டரைத் தாண்டும். காலையில் மூழ்கிவிட்டு மாலையில் கப்பலேறி, மறுநாள் விடியலில் கொச்சியில் இறங்கியதும் காரில் மலையேறினால், விதித்த இடைவெளி முடிந்துவிட்டதா என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கப்பலில் வருவோர் விமான விதி தமக்கில்லை என்று கருதிவிடுவதால் இது எளிதில் மறக்கப்படுகிறது. கடைசி நாளில் மூழ்காமல் இருப்பது சிறந்த வழி. இயலாவிட்டால் கொச்சியில் ஓரிரவு தங்கலாம், அல்லது பாலக்காட்டுக் கணவாய் வழியே பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் சுற்றி வரலாம். தொலைவு கூடினாலும் அப்பாதை தாழ்வானது.

அறிகுறி தோன்றினால் தூய ஆக்சிஜன் கொடுப்பது முதலுதவி. பின்னர் மறு அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தீவிலிருந்து நோயாளியைக் கொச்சிக்குக் கொண்டுசெல்ல ஹெலிகாப்டர் தேவைப்படலாம். படகில் ஆக்சிஜன் உருளை உள்ளதா என்பதைப் பணம் கட்டும் முன்பே விடுதியில் கேட்டறிய வேண்டும்.

பவளப்பாறையின் நிலை

கிளிமீன், கோமாளிமீன், கடலாமை, திருக்கை, சிறு சுறா ஆகியவை இங்கே எளிதில் காணக்கூடியவை. இவற்றுக்கு வீடாக இருப்பது பவளம். கல்போல் தோன்றினாலும் அது உயிரி. அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசி ஒளியில் உணவு சமைத்துத் தருகிறது. கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு பாகை கூடிச் சில வாரம் நீடித்தால், பவளம் அப்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். வெப்பம் தணியாவிட்டால் பட்டினியால் இறக்கும். இலட்சத்தீவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரும் வெளுப்பு நேர்ந்தது. அகத்தி, கடமத், கவரத்தி தீவுகளில் 1998 முதல் 2022 வரை செய்த தொடராய்வில், உயிர்ப்பவளப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துள்ளது தெரியவந்தது.

இத்தீவுகளை அலையிலிருந்து காப்பது பாறை வளையமே. நிலம் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேயே இருப்பதால், பாறை தேய்ந்தால் தீவும் தேயும். பெருந்திரள் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். துடுப்புக் கால் ஒருமுறை பட்டு முறிந்த பகுதி மீளப் பல ஆண்டுகள் ஆகும். எனவே பவளத்தைத் தொடுவதும் அதன்மேல் நிற்பதும் கூடாது. மேனியில் களிம்பு பூசுவதைவிட முழுக்கை நீச்சலுடை அணிவது கடலுக்கும் நல்லது. பவளமும் கடல் அட்டையும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கரையில் ஒதுங்கிய பவளத்துண்டை நினைவுப்பொருளாக எடுத்து வருவதும் குற்றமே.

ஊர் வழக்கம்

தீவு மக்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். தாய்வழிச் சொத்துரிமை இன்றும் வழக்கில் உள்ளது. மலையாளத்தின் ஒரு வட்டார வழக்கைப் பேசுகின்றனர். மினிக்காயில் மட்டும் மஹல் மொழி. தமிழில் மெதுவாகப் பேசினால் பலருக்குப் புரியும். பங்காரம் விடுதி தவிர மற்றத் தீவுகளில் மதுவுக்குத் தடை உள்ளது. நீச்சலுடை விடுதிக் கரையோடு நிற்க வேண்டும். ஊருக்குள் செல்லும்போது உடலை மறைக்கும் உடை அணிய வேண்டும். பெண்களையும் வீடுகளையும் கேளாமல் படம் எடுக்கக் கூடாது. நெகிழிப் புட்டி, மின்கலம் போன்ற குப்பைகளைப் புதைக்கத் தீவில் இடமில்லை. கொண்டுவந்தவரே கரைக்குத் திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும்.